படுத்தே வளரும் மரங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜ் நின்றது. பெட்டிக்கடை வாசலில் வைத்திருப்பார்களே, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு, உள்ளே டியூப்லைட், அந்த மாதிரி. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அப்படி ஒரு ஃபிரிட்ஜ் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். அதற்குள் ஒரு பாட்டில்கூடக் கிடையாது. தட்டுத் தட்டாகப் போத்துகள் மட்டுமே இருந்தன. முருங்கைப் போத்து வெட்டி நடுவோமே, அதுபோல ஒரு மலை மரத்திலிருந்து வெட்டி எடுத்த சிறு துண்டுகள்.

பக்கத்து பிளாக்கில் இருந்தவர் ஒருநாள் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்: "இன்னா மச்சான், ஊட்டுக்குள்ளயே கடை போட்டுக்கீற? பீர் கீதா?"

"மரம் கீது," என்றார் இவர்.

"ஃபிரிட்ஜுக்குள்ள மரமா? தக்காளி வைக்கவே எங்க ஊட்ல எடம் இல்ல."

"மலை மரம் மாமே. நம்மூரு வெயிலு ஒத்துக்காது. அதுக்கு ஏசி ரூமா போட்டுக் குடுக்க முடியும்? அதான்."

அன்று மாலைக்குள் பிளாக் முழுக்கச் செய்தி போய்விட்டது. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு 'ஃபிரிட்ஜ் மரத்து வீடு' என்றே பெயர். எனக்கு எரிச்சலாக வரும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் அம்மா சொல்வது பொய்யில்லை. இவருக்கோ பெருமை பிடிபடாது.

மலை மரம் எங்கள் வீட்டுக்கு வந்தது என்னால். அழிந்துகொண்டிருக்கிற மலைக்காட்டு மரங்களைக் காப்பாற்ற முயலும் ஒரு சிறு குழுவில் எனக்கு வேலை. மாதத்தில் ஒரு வாரம் மலையில் இருப்பேன், மீதி நாள் ஆவடியில் உட்கார்ந்து கணினியில் அறிக்கை எழுதுவேன். இவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். பிறந்து வளர்ந்ததெல்லாம் அம்பத்தூர் மேனாம்பேட்டில். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது, இனி உயரமான இடத்துக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே என் வேலை நடக்கிற இடத்தை அவர் என் செல்போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

அந்த மரத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எந்த மலை என்றும் சொல்ல மாட்டேன். இது எங்கள் வேலையில் உள்ள கட்டுப்பாடு. அரிதான மரம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் பார்க்கவென்று நாலு பேர் போவார்கள், ஐந்தாவது ஆள் கத்தியோடு போவான். இவ்வளவு சொல்லலாம்: பூ என்ற ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்பே வந்துவிட்ட வம்சம் அது. ஊசியிலை மரங்களுக்கு உறவு, ஆனால் இலை அகலமாக இருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் நடுநரம்பு இருக்காது, அத்தனை நரம்புகளும் ஒன்றையொன்று தொடாமல் நேர்க்கோடாக ஓடும். ஒரு காலத்தில் பரந்து கிடந்த இனம். பூமி சூடாகிக் குளிர்ந்து மறுபடி சூடான கதையில் அதன் சொந்தபந்தம் எல்லாம் போய், மேகம் தங்குகிற சில மலை மடிப்புகளில் மட்டும் ஒட்டிக்கொண்டது. மிச்சமிருந்ததையும் தேயிலைப் பெட்டி செய்ய வெட்டித் தீர்த்தார்கள். வேறு மலைகளில் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் மலையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, ஒரு பெண் மரம். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். துணை இல்லாததால் அது உதிர்த்த விதையை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் பதர்.

விதை இல்லையென்றால் போத்துதான் வழி. அதில் வேர் பிடிக்கவைத்து, கன்றாக்கி, அதே சரிவில் நட வேண்டும். மரம் மிகவும் வயதானது, அடிப்பக்கம் பொந்து விழுந்திருந்தது. அது நிற்கும்போதே அதன் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் குழுவின் ஒரே லட்சியம். எனக்கு அது லட்சியத்துக்கும் மேலே. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் போய்ப் பார்த்துவருகிற மரம். சில உறவினர்களைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

போத்து எடுக்க மரம் ஏறியவர் எங்கள் காவலர். அந்தக் காட்டோரத்திலேயே குடியிருப்பவர். மரத்தை அவர் 'அவங்க' என்றுதான் சொல்வார். ஏறுவதற்கு முன்னால் அடியில் கற்பூரம் கொளுத்தினார். கும்பிட்டு எழுந்து எங்களிடம் சொன்னார்: "பக்கக் கிளையில எவ்வளவு வேணுமோ எடுத்துத் தர்றனுங்க மேடம். தலையில மட்டும் கை வைக்க மாட்டேன். இருக்கறவங்க ஒருத்தர்தான். அவங்க தலையிலயே கத்தி வைக்கலாமுங்களா?"

எங்களில் யாருமே மறுத்துப் பேசவில்லை. சொல்லப்போனால் அவர் அப்படிச் சொன்னது எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. கடைசி மரம், கிழ மரம், அதன் உச்சியில் நேராக மேலே போகிற தலைக்கொழுந்தை வெட்டி அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? பக்கவாட்டுக் கிளைகளிலிருந்து சாண் நீளத் துண்டுகளாக, மரத்துக்கு வலிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம்.

பாதியை மலை நாற்றங்காலில் வைத்தோம். மீதியை ஐஸ் பெட்டியில் வைத்து நான் ஆவடிக்குக் கொண்டுவந்தேன். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்க வேண்டாமே என்றுதான். அந்த மழைக்காலத்தில் மலையில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை, விசிறி ஓடாமல் பூஞ்சை பிடித்து நாற்றங்காலில் வைத்தது அத்தனையும் அழுகிப்போனது. கரண்டு நிற்காத ஆவடியில், மலையே பார்க்காத ஒரு ஃபிட்டரின் கையில் இருந்த பாதிதான் பிழைத்தது.

அவர் அதற்குப் பட்ட பாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. மூடிக்கிடந்த ஒரு பெட்டிக்கடையிலிருந்து அந்த ஃபிரிட்ஜை வாங்கி வந்து, உள்ளேயிருந்த குளிர்ச்சிக் கட்டுப்பாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மலைக் குளிர் எவ்வளவோ அவ்வளவு மட்டும் இருக்கும்படி வேறொன்று பொருத்தினார். மேகம் வேண்டுமே? முதலில் சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலால் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார். டியூட்டிக்குக் கிளம்பும்போது ஒரு தரம், வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு தரம். பிறகு சின்ன மோட்டாரும் குழாயும் வைத்துத் தானாகவே பனிபோல் தெளிக்கும்படி செய்தார். புஸ்ஸென்று சத்தம் வரும். கண்ணாடி மங்கும். விரலால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்.

மலையிலிருந்து நான் திரும்பும்போதெல்லாம் பையை இறக்குவதற்குள் கேட்பார்: "அது எப்டி கீது?" மாமியார் சௌக்கியமா என்று கேட்கிற மாதிரி இருக்கும். படம் காட்டுவேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா உயரம்மே! நம்ம ஃபேக்டரி தண்ணி டேங்க்கவிட பெர்சா இருக்கும் போல," என்பார். பிறகு ஃபிரிட்ஜிடம் போய் அந்தச் செய்தியை ஒப்பிப்பார். "உங்க ஆத்தா நல்லாத்தான் கீதாம்." நான் சிரிப்பேன். சிரித்தாலும் அந்த நேரத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல் வேர் வெள்ளையாக, முளைகட்டிய பயறு வால்போல எட்டிப் பார்த்த அன்று, கேன்டீனிலிருந்து மிக்சரும் லட்டும் வாங்கி வந்து பிளாக் முழுக்கக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "வேர் வுட்டுச்சி" என்றார். சிலர் எனக்குத்தான் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டு வந்து கையைப் பிடித்தார்கள். அந்த வயதெல்லாம் தாண்டி எத்தனையோ காலமாகிவிட்டது. யாரையும் கோபித்துக்கொள்ள அன்று மனம் வரவில்லை.

கன்றுகள் தொட்டிக்கு மாறின. பின்பக்க அறை முழுக்க அவற்றுக்கு. ஜன்னலை அடைத்து, எங்கள் படுக்கையறை ஏசியைக் கழற்றி அங்கே மாட்டினார். ஆவடி வெயிலில் நாங்கள் இருவரும் விசிறியில் வெந்துகொண்டிருக்க, மரங்கள் ஏசியில் படுத்திருந்தன.

படுத்திருந்தன என்பதைத்தான் நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. இலை வந்தது, தண்டு நீண்டது, பச்சை கண்ணைப் பறித்தது. ஆனால் ஒன்றுகூட மேலே போகவில்லை. எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து, இரண்டு பக்கமும் வரிசையாக இலை விட்டு, விசிறி மட்டை மாதிரி தட்டையாக நீண்டன. வெளிச்சம் கோணலாக விழுகிறது என்று முதலில் நினைத்தார், உச்சியில் விளக்கு மாட்டினார். தொட்டிகளைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு தொழிற்சாலையில் வீணாகக் கிடந்த வெல்டிங் ராடுகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊன்றுகோல் நட்டு, துணிக் கிழிசலால் தளரக் கட்டினார். கட்டிய வரைக்கும் நேராக நிற்கும். கட்டுக்கு மேலே வருகிற புதுத்தளிர் மறுபடி சாய்ந்து படுக்கும். அவர் இன்னும் கொஞ்சம் மேலே கட்டுவார், அது இன்னும் கொஞ்சம் மேலே படுக்கும்.

எங்கள் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பேராசிரியை ஒருவர் இருக்கிறார். அவருக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"போத்து எந்த இடத்துல எடுத்தீங்க?"

"பக்கக் கிளையில மேடம். தலையைத் தொடல."

அவர் மெதுவாகச் சொன்னார். இந்த மாதிரி மரங்களில் ஒவ்வொரு கொழுந்துக்கும் தான் யார் என்ற ஞாபகம் உண்டு. தலைக்கொழுந்தை எடுத்து நட்டால் மரமாகும். பக்கக் கிளையை எடுத்து நட்டால், வேர் பிடித்த பிறகும், மண்ணில் தனியாக நின்ற பிறகும், அது தன்னைக் கிளை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எத்தனை வருஷமானாலும் படுத்தே வளரும். ஊன்றுகோல் வைத்து ஒன்றும் ஆகாது.

"காய்க்குமா மேடம்?"

"காய்க்கலாம். ஆண் மரம் இல்லாம அதுவும் பதர்தானே?"

இவர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும், "அப்ப இதுங்க எப்பவுமே நிக்காதா?" என்றார்.

"நிக்காதாம்."

"தலைய வெட்டக் கூடாதுன்னு நல்லதுக்குத்தான பண்ணீங்க."

"நல்லதுக்குத்தான்."

அவர் உள்ளே போய் ஒரு கன்றின் கட்டைச் சரிசெய்யத் தொடங்கினார். அதுதான் பிரயோஜனமில்லை என்றாகிவிட்டதே என்று கத்த நினைத்தேன். கத்தவில்லை. துணிக் கிழிசலை எடுத்து நீட்டினேன்.

ஒரு வழி மிச்சமிருந்தது. மரம் இன்னும் நிற்கிறது, உச்சியில் தலைக்கொழுந்துகள் இருக்கின்றன. இந்த முறை அவற்றைத்தான் எடுக்க வேண்டும். காவலரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் வெகுநேரம் காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். "சரிங்க மேடம். அவங்ககிட்டக் கேட்டுட்டு எடுத்துக்கலாம்," என்றார். அனுமதிக்கு எழுதினோம். எழுதி, நினைவூட்டி, மறுபடி எழுதி, ஒருவழியாக அனுமதி வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடிக் காற்றில் அந்த உயரத்தில் ஆளை ஏற்ற முடியாது. காற்று அடங்கட்டும், ஆவணியில் ஏறலாம் என்று முடிவு செய்தோம்.

இவர் ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்துத் தயார் செய்தார். பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஐயப்பன்தாங்கலில் வாங்கியிருந்த ஃபிளாட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் வேர் விட்டுவிடும், புது வீட்டுக்கு மரமாகவே கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டார். மூன்றாவது மாடியில் மரத்தை எங்கே வைப்பது என்று கேட்டால், "மலைக்கு ஏத்தறவரைக்கும் பால்கனி கீது," என்பார்.

ஆடி முடியவில்லை. ஒரு காலை காவலரிடமிருந்து போன் வந்தது. மலையில் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைக்கு ஏறி நின்று பேசினார். மூச்சு வாங்கியது.

"மேடம், சாஞ்சுட்டாங்க."

எனக்குப் புரிந்தது. ஆனாலும் "யாரு?" என்று கேட்டேன்.

"நம்ம அவங்க. ராத்திரிக் காத்துல. அடியோட."

நான் சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது அவர் சொன்னார்: "மேடம், அழாதீங்க. தலை முழுசா கீழ கிடக்குதுங்க. கொழுந்து அத்தனையும் பச்சையா இருக்குது. கை நீட்டினா எட்டுது."

எந்தக் கொழுந்துக்காக அனுமதி, கயிறு, ஆள் என்று அலைந்தோமோ அது அவர் காலடியில் கிடந்தது. எனக்கு அழுகையும் பதற்றமும் ஒன்றாக வந்தன. வேரோடு சாய்ந்த மரத்தின் கொழுந்து வெகுநேரம் தாங்காது. நாற்றங்காலுக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை, கரண்டே இல்லை. நான் போகலாமென்றால் மலைச்சாலை மூன்று இடத்தில் சரிந்து கிடந்தது, வண்டி எதுவும் ஏறாது. நடந்து இறங்க மட்டும்தான் முடியும், அதுவும் காடு தெரிந்தவரால்.

"வெட்டுங்க அண்ணா. நேரா மேல பார்த்து வளர்ந்தது மட்டும். ஈரப் பாசியில சுத்தி, வாழை மட்டையில வச்சு, நனைஞ்ச சாக்குல கட்டுங்க. அடிவாரத்துல சென்னை பஸ்ல குடுத்து விட்டுருங்க. பூந்தமல்லியில நாங்க வாங்கிக்கறோம்."

அவர் அன்று நடந்த நடையை நான் பார்க்கவில்லை. சாயங்காலம் அடிவாரத்திலிருந்து பேசினார். குரலே கம்மிப்போயிருந்தது. "குடுத்துட்டேனுங்க மேடம். டிரைவர்கிட்டயே கையில குடுத்தேன். டிக்கியில போட்டா நசுங்கிரும், மேல கேரியர்ல போட்டாக் காத்துல காஞ்சிரும், உசுரு மாதிரி பாத்துக்கங்கன்னு கும்பிட்டுச் சொல்லியிருக்கேன். அவரும் நல்ல மனுசன். உங்க வீட்டு அண்ணன் நம்பர் குடுத்திருக்கேன்."

இவர் மறுநாள் லீவு போட்டார். விடிந்ததும் ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குக் கிளம்பினார். மெட்ரோ தூண்களுக்கு நடுவில் பஸ்கள் நெரிந்துகொண்டிருந்தன. வேலூர்ப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் எழுந்து நின்று பார்த்தார். டீ வாங்கினோம், குடிக்கவில்லை. "எல்லாத்தையும் மேல் தட்டுல வச்சிரலாம். வெளிச்சம் நேரா உழும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுங்க நிக்கும் இல்ல?" என்றார்.

"நிக்கும்," என்றேன்.

பஸ் வந்தது. பழைய மாடல் அரசு பஸ். டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடிய பானட் மேடை மாதிரி இருக்குமே, அந்த வகை. டிரைவர் ஐம்பது தாண்டியவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இறங்கும்போதே இரண்டு கையாலும் மூட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"மரத்துக்காரங்க நீங்கதானா? அந்தப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டாருங்க. அப்புறம் எப்படி டிக்கியில போட மனசு வரும்? பக்கத்துலயே பானட் மேல வச்சுக்கிட்டேன். ஒருத்தரைக் கால் வைக்க விடல. பிரேக் போடுறப்பல்லாம் ஒரு கையால பிடிச்சுக்கிட்டேன்."

மூட்டையை நான்தான் வாங்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கியதுபோல் இருந்தது. சாக்கு காய்ந்து மொரமொரத்திருந்தது. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

பானட். ராத்திரி முழுக்கக் கொதிக்கிற எஞ்சினின் மேல். அலட்சியமாக டிக்கியில் தூக்கி எறிந்திருந்தால் நாலு இலை நசுங்கியிருக்கும், கொழுந்து பிழைத்திருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நல்லது ஒன்று செய்துவிட்ட சந்தோஷத்தோடு. பின்னாலிருந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. வாய் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியவில்லை. திறக்கவில்லை.

இவர் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவர், என் கையிலிருந்து மூட்டையை வாங்கினார். வாங்கியவர் ஒரு நொடி அப்படியே நின்றார். இரும்போடு வாழ்ந்த கை, சூடு தெரியாமலா போகும்? மூட்டையை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப டேங்ஸ் அண்ணாத்தே. கண்ணு முயிச்சிக்கினு பார்த்துக்கினு வந்துக்கீறீங்க. இந்த உதவிய மறக்க மாட்டேன்."

"பொழச்சிருமுங்களா?"

"பொழச்சிரும்."

ஆவடி வந்து வீட்டில் பிரித்தபோது வேகவைத்த கீரையின் வாசனை வந்தது. பாசி கருகியிருந்தது, வாழை மட்டை குழைந்திருந்தது. கொழுந்துகள் நேர்நேராக, ஒரே அளவாக, அழகாக நறுக்கி அடுக்கப்பட்டிருந்தன. அத்தனையும் கரும்பச்சையாகத் துவண்டு கிடந்தன. காவலர் ஒவ்வொன்றின் வெட்டுவாயிலும் மஞ்சள் தடவி அனுப்பியிருந்தார்.

ஆனாலும் இவர் விடவில்லை. ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்து, அடியைப் புதிதாக நறுக்கி, மேல் தட்டில் நட்டார். புஸ் புஸ்ஸென்று பனி தெளித்துக்கொண்டே இருந்தது. நாளுக்கு நாள் கறுத்தன. கையால் தொட்டால் தோல் உரிந்து வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அத்தனையையும் பிடுங்கி எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, குப்பை வண்டியில் போட மனமில்லாமல் குவார்ட்டர்ஸ் வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், "நான் அத்த ஒரு தபாகூட நேர்ல பார்த்ததில்லமே," என்று சொல்லிவிட்டு அழுதார். ஸ்டென்ட் வைத்த அன்றுகூட அழாத மனிதர்.

காவலருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மறைக்க எனக்கு வராது, அதனால் உள்ளதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நானும் அந்த பஸ்ஸுலயே ஏறி வந்திருக்கணுமுங்க, மடியில வச்சுக்கிட்டு," என்றார். யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தலையில் கத்தி வைக்க மாட்டேன் என்றவர் மேலா? டிக்கியில் போட மனசு வரவில்லை என்றவர் மேலா? எல்லோருமே பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். தேயிலைப் பெட்டிக்கு அலட்சியமாக வெட்டியவர்கள் கையில்கூட ஒன்று மிஞ்சியிருந்தது. பார்த்துப் பார்த்துச் செய்த எங்கள் கையில் அதுவும் இல்லாமல் போனது.

இவர் ஓய்வு பெற்றார். ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். படுத்து வளர்கிற கன்றுகளில் பாதியை மலையிலுள்ள நாற்றங்காலுக்கு அனுப்பினோம், கிளையாகவாவது இருக்கட்டும் என்று. மீதி இங்கே ஏசி மாட்டிய பின்னறையில் இருக்கின்றன. ஊன்றுகோல் கட்டுவதை இவர் நிறுத்திவிட்டார்.

போன வாரம் இவர் போன் அடித்தது. சமையல் செய்துகொண்டே கேட்டேன். அந்த டிரைவர். ஸ்பீக்கரில் குரல் உரக்க வந்தது.

"சார், ஞாபகம் இருக்கா? பூந்தமல்லி. நம்ம வண்டியில வந்த மரம் எப்படி இருக்கு?"

நான் அடுப்பை அணைத்தேன். இவர் என்னைப் பார்த்தார். "நல்லா கீது அண்ணாத்தே," என்றார்.

"வேர் விட்டுருச்சா?"

"வுட்டுச்சி. எலகூட வந்துகீது."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அன்னிக்கு ஒரு கையாலதாங்க ஸ்டியரிங். எங்க டெப்போவுல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். நான் கொண்டாந்த மரம்னு காட்டணும் சார். ஒரு போட்டோ அனுப்புறீங்களா?"

"அனுப்பறேன்," என்று இவர் வைத்துவிட்டார்.

வைத்தவர் பின்னறைக்குப் போய், இருப்பதில் நல்ல கன்றாக ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். வெயில் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். கன்று வழக்கம்போல் தொட்டி விளிம்பைத் தாண்டிப் படுத்துக் கிடந்தது. போனை நீட்டிப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அது கிளைதான்.

"பொய் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"அந்தாளு கொன்னுட்டான்னு நான் சொல்லணுமா?" என்றார்.

கை துடைத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய் மண்டியிட்டேன். இலைகளுக்குப் பின்னால் இரண்டு விரல் கொடுத்து, தண்டு முறியாமல் மெல்ல நிமிர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அப்டியே புடி. கை தெரியுது, உள்ள இஸ்துக்கோ."

என் விரலில் சாய்ந்துகொண்டு அந்த மரம் முதல்முறையாக நுனிவரைக்கும் நேராக நின்றது. இவர் இரண்டு மூன்று படம் எடுத்தார். பிறகு போனைத் தாழ்த்திவிட்டு அப்படியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போதுமா? விட்டுரவா?" என்று கேட்டேன்.

"இரு," என்றார். "கொஞ்ச நேரம் புட்ச்சிக்கினு இரு."